இடம் பத்தலக்கா

"இடம் பத்தலக்கா" என்று சொன்னேன். அந்த ரெண்டு வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் அதைச் சொன்னபோது அந்த அக்கா நடுப்பக்கத்தை விரித்துக் கையில் பிடித்திருந்தார். அந்தப் பக்கத்தில் கால்வாசியை அடைத்துக்கொண்டு ஒரு குத்துவிளக்குப் படம் இருந்தது. இடம் மிஞ்சிப்போனதால் நானே வைத்த விளக்கு அது.

2015-இல் வந்த வேலை. அம்மா போய் நாற்பது நாளில் அப்பாவும் போய்விட, ரெண்டு பேருக்கும் சேர்த்து முதலாம் ஆண்டு நினைவு மலர். 16 பக்கம், ஒரே ஃபாரம், ஆர்ட் பேப்பர், சென்டர் பின், 300 பிரதி. மேட்டர் கொண்டுவந்தது மகன். வம்சாவளி, பேரன் பேத்தி பெயர்கள், குலதெய்வம் படம், அதோடு திருநீற்றுப் பதிகம் முழுசாக, பதினொரு பாட்டும். பாண்டியனின் வெப்பு நோய் தீரச் சம்பந்தர் திருநீறு பூசிப் பாடியது நம்ம ஊரில்தானே, அது இல்லாமல் மதுரைக்காரர்களின் நினைவு மலர் வருவது குறைவு. என் கை பார்க்காமலே அடித்துவிடும்.

அக்கா எழுதியது தனியாக வந்தது. கோடு போட்ட நோட்டுத்தாள், நாலு பக்கம். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னாலேயே படிப்பை முடித்தவர் போல, லை, னை எல்லாம் பழைய துதிக்கையோடு இருந்தன. அப்பாவின் மில் ஷிப்ட், சங்கு ஊதுவதற்குள் அம்மா கட்டிக் கொடுக்கும் தூக்குவாளி, ஆவணி மூலத்துக்குப் புட்டுத்தோப்பில் அப்பா தோளில் உட்கார்ந்து பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா பார்த்தது என்று வரிசையாக எழுதியிருந்தார். "சாமிக்கும் நம்மள மாதிரி கூலி வேலைதாம்மா" என்று அப்பா சொன்னாராம். எல்லாவற்றையும் அப்படியே அடித்தேன். அப்புறம் இந்தப் பாரா வந்தது. தாள் இன்னும் என்னிடம் இருப்பதால் அவர் எழுதியபடியே தருகிறேன்:

"பெரிய தம்பி பத்தாவது பரிட்சைக்கு முந்தின மாதம் மஞ்சள் காமாலையில் போனான். அதற்குப் பிறகு அப்பா கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. முப்பத்தோரு வருஷம். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவைக் கூட்டிப் போவார். அம்மா உள்ளே போனதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மன் சன்னதி வாசலில் நிற்பார். கீழே போட மாட்டார். அம்மா வந்து அப்பா நெற்றியில் திருநீறு பூசும். அம்மா குட்டை. அப்பா குனிந்து கொடுப்பார்."

'குனிந்து கொடுப்பார்' என்று அடித்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

புரூஃப் பார்க்க மகன்தான் வந்தார். அந்தப் பாரா மேல் பேனாவை வைத்து, "இதை மட்டும் எடுத்துவிட்ருங்கண்ணே. அப்பா கோயிலுக்கே போகலைன்னு எங்க மாமனார் வீட்ல படிச்சா என்ன நினைப்பாங்க" என்றார்.

"அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க தம்பி."

"நான் சொல்லிக்கிறேண்ணே."

ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன் என்பதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். காசு கொடுப்பவர் சொன்னால் எடுக்க வேண்டியதுதான், பிரஸ்ஸில் அதற்கு மேல் பேச முடியாது. அந்தத் தம்பி மேலும் எனக்குக் கோபமில்லை. அண்ணன் சாகும்போது அவர் ஒன்பது வயசுப் பையனாக இருந்திருப்பார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்போதெல்லாம் அப்பா ஏன் வெளியே நிற்கிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பார். மாமனார் வீடு என்றது வாய்க்கு வந்த காரணமாகக்கூட இருக்கலாம்.

எடுத்ததோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பாராவைத் தூக்கியதும் மேலே இருந்ததும் கீழே இருந்ததும் ஒட்டவில்லை. ஒட்டுவதற்காக ஒரு வரி நானே சேர்த்தேன்: 'வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் இணைபிரியாது அன்னை மீனாட்சியை ஆலயத்துள் சென்று வழிபட்டு வந்தனர்.' யாரும் கேட்கவில்லை. என் கையிலிருந்து தானாக வந்தது. தம்பி படித்துவிட்டு, "நல்லாருக்குண்ணே" என்றார். மிச்ச இடத்துக்கு விளக்கை வைத்தேன்.

திதி முடிந்து நாலாம் நாள் அந்த அக்கா கடைக்கு வந்தார். மத்தியான வெயில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"தம்பி, நீங்கதான் டைப் பண்ணீங்களா?"

"ஆமாக்கா."

"நான் எழுதுனதைப் படிச்சீங்கள்ல?"

"படிச்சேங்க்கா."

"அப்ப எங்கப்பா நின்ன இடம் எங்க?"

அப்போதுதான் சொன்னேன், இடம் பத்தலக்கா என்று.

அவர் விளக்கின் மேல் ஒரு விரலை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு "சரி தம்பி" என்று புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

உங்கள் தம்பிதான் எடுக்கச் சொன்னார் என்று ஏன் சொல்லவில்லை? கூடப் பிறந்தவர்களுக்குள் நம்மால் சண்டை வரக் கூடாது என்பதுதான் காரணம் என்று ரொம்ப நாள் நம்பினேன். கருமாதிப் பத்திரிகையில் பெயர் முன்னே பின்னே வந்ததற்கே பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை இந்த மேசைக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அதனால் அது பொய்க் காரணம் இல்லை. ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும்: பாக்கி 4,000 ரூபாய் அன்றைக்கு வரை வரவில்லை. தம்பி பெயரைச் சொல்லாததற்கு அதுவும் காரணமா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் அப்பாவும் இதே தொழில்தான், ஈய எழுத்துக் காலத்துக் கம்பாசிட்டர். சிவலோக பதவி, வைகுண்ட பதவி, கர்த்தருக்குள் நித்திரை என்று மூன்று மேட்டரைக் கோத்துச் சணலால் கட்டித் தட்டில் அப்படியே வைத்திருப்பார். பெயரும் தேதியும் மட்டும் மாறும். "துக்கத்துல எழுத்துப்பிழை வரக் கூடாதுடா" என்பார். வேலை முடிந்து மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவினாலும் விரல் இடுக்கில் மை போகாது. அந்தக் கையோடு திருநீறு எடுத்தால் கருத்துவிடும் என்று அம்மாதான் அவருக்குப் பூசிவிடுவார். கார்த்திகைக்குக் கார்த்திகை திருப்பரங்குன்றம் போகும்போதும் தட்டிலிருந்து எடுத்து முதலில் அவருக்கு, அப்புறம் எனக்கு, கடைசியில் தனக்கு. அந்த அக்காவின் தாளைப் படிக்கும்போது நான் எழுந்து போனதற்கு இதுதான் காரணம். இது தெரிந்தும்தான் எடுத்தேன்.

2003-இல் அப்பா இறந்தபோது நினைவு அட்டையை நானே கம்போஸ் செய்தேன். 'எங்கள் குடும்பத்தின் குலவிளக்கே' என்று தொடங்கும், எல்லோருக்கும் போடுகிற வரிகள்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்துவிட்டு, "நல்லாருக்குப்பா. இதுல அவரு இல்லையே" என்றார். அம்மா போனபோதும் அதே வரிகளைத்தான் போட்டேன். துக்க வீட்டில் உட்கார்ந்து யோசிக்க முடியவில்லை என்பது உண்மை. அதற்குத்தானே அப்பா அந்த மேட்டரைக் கட்டியே வைத்திருந்தார் என்றும் தோன்றுகிறது. அழுகிறவனுக்கு வார்த்தை தேட விடக் கூடாது. ஆனால் அந்த அக்கா அழுதுகொண்டே தேடி எடுத்துவிட்டாரே. தேடி எடுத்ததை அல்லவா நான் தூக்கிவிட்டு, கட்டி வைத்ததை அங்கே இறக்கினேன்.

2018-இல் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக விடுவதில்லை. சில வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் அதிகமிருந்தால், லாக்கர் வரிசைக்குப் பயந்து, ரெண்டு போனையும் வாங்கிக்கொண்டு நான் வெளியே நின்றுவிடுவேன். என் மனைவி மட்டும் உள்ளே போவாள். முதலில் அம்மன், அப்புறம்தான் சாமி, பொற்றாமரைப் படிக்கட்டில் கொஞ்ச நேரம். வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கால் வலிக்கும். போனை வைத்திருக்கிற எனக்கே இப்படியென்றால், கையில் செருப்போடு ஒரு மனிதர் முப்பத்தோரு வருஷம் நின்றிருக்கிறார். ராத்திரிப் பள்ளியறை பூஜைக்குச் சொக்கநாதரின் பாதுகை பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போகும். அந்த நேரமெல்லாம் எனக்கு அவர் கையிலிருந்த செருப்புதான் நினைவில் வருகிறது.

அப்படி நிற்கும்போது ஒருநாள் தோன்றியது: நின்றதும் வழிபாடுதானே? அப்படியானால் 'இருவரும் இணைபிரியாது' என்று நான் எழுதியது பொய்யில்லையே? சமாதானமாக இருந்தது, வீடு வந்து சேரும் வரைக்கும். ஆனால் 'ஆலயத்துள் சென்று' என்றும் எழுதியிருக்கிறேன். அந்த மனிதர் சாமியிடம் ஒரு சண்டை வைத்திருந்தார், பெண்டாட்டிக்காக அந்தச் சண்டையோடேயே வாசல் வரை வந்தார். உள்ளே அனுப்பிவிட்டால் அந்தச் சண்டை எங்கே போகும், அந்தக் குனிதல் எங்கே போகும்?

அந்த அக்கா வந்துபோன ராத்திரியே ஒரு துண்டுச்சீட்டு கம்போஸ் செய்தேன். மேலே 'பிழைதிருத்தம்', ஒன்பதாம் பக்கம் என்று போட்டு, கீழே அவர் எழுதிய பாரா முழுவதும். விளக்குப் படத்தின் அளவுக்குச் சரியாக வருகிற மாதிரி வெட்டு அளவு வைத்தேன், ஒட்டினால் மறைந்துவிடும். அச்சடிக்கவில்லை. 300 பிரதியும் போய்ச் சேர்ந்துவிட்டது, யாரிடம் கொடுப்பது, தம்பிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகத் தடுத்தது. அந்த அக்காவுக்கு மட்டும் ஒரே ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்பது பல மாதம் கழித்துத்தான் தோன்றியது.

பிறகு ரெண்டு கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஃபைலையும், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு என்பதால் அந்த எழுத்துருவையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கிறேன். அது இல்லாமல் திறந்தால் ஒரு எழுத்தும் தமிழாகத் தெரியாது. அக்காவின் வீடு பொன்னகரத்தில்தான். கடையிலிருந்து நடந்தே போய்விடலாம்.