மழை வாற மாதிரிக் கிடக்கு

நேற்றுப் பின்னேரம் நனைந்த வடகத்தைப் பற்றி அம்மா இன்னும் கதைத்து முடிக்கவில்லை. குசினிப் பக்கம் தலை காட்ட வழியில்லாததால் அறைக்குள் இருந்து இதை எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை பொருண்மையியல் டெஸ்ட், அதுதான் சொல்லுக்கும் வசனத்துக்கும் என்ன பொருள் என்று ஆராயும் பாடம். முன் விறாந்தையில் கொப்பியை விரித்து வைத்திருந்தேன். குசினிக்குள் இருந்து அம்மா, "தம்பி, மழை வாற மாதிரிக் கிடக்கு" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கோண்டாவில் பக்கம் கறுத்துத்தான் கிடந்தது. "ஓமம்மா" என்றுவிட்டுத் திரும்பக் கொப்பிக்குள் போய்விட்டேன். பத்து நிமிடத்தில் சித்திரை மழை இடியோடு வந்து இறங்கியது. முற்றத்தில் மூன்று சுளகு வேப்பம்பூ வடகம், உழுந்தும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்து அம்மா இரண்டு நாள் பாடுபட்டது, கூழாகிவிட்டது.

என்னில் பிழை இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஒரு வசனத்தின் பொருள் தெரியும் என்றால், அது எந்த நிலைமையில் உண்மையாகும் என்று தெரியும். இரண்டாம் கிழமையே இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள். வானம் கறுத்திருந்தால் அம்மாவின் வசனம் உண்மை, இல்லாவிட்டால் பொய். இதற்குள் சுளகு எங்கே வருகிறது?

அம்மாவின் தமிழ்தான் தெரியுமே. பெயர்ச்சொல்லே இல்லாத தமிழ். "உதை எடுத்து உங்கை வைச்சிட்டு அதைக் கொண்டு வா." இது, உது, அது என்று மூன்று சுட்டு இருப்பதையும், தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த நடுவில் உள்ள உகரம் வழக்கொழிந்துபோக யாழ்ப்பாணத்தில் எங்களிடம் இன்னும் உயிரோடு இருப்பதையும் விரிவுரையாளர் சொன்னபோது வகுப்பே நெஞ்சை நிமிர்த்தியது. எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. கேட்பவருக்குக் கிட்ட இருப்பது உது என்று படித்தோம். அம்மாவின் உது அலுமாரிக்கு மேலேயும் இருக்கும், பின்வளவிலும் இருக்கும், போன வருசம் தொலைந்த கத்தரிக்கோலாகவும் இருக்கும். "எதம்மா?" என்று கேட்டால், "உதுதான்!" அதற்குமேல் கேட்க எனக்கென்ன விசரா?

அப்பம்மா இன்னொரு ரகம். ஃபிரேகே என்ற ஜெர்மன்காரர் 1892இல் எழுதிய ஒரு கட்டுரை. விடியலில் தெரியும் நட்சத்திரமும் மாலையில் தெரியும் நட்சத்திரமும் ஒரே கோள்தான். ஆனால் இரண்டு பெயருக்கும் கருத்து வேறு, அதனால்தான் இரண்டும் ஒன்று என்பது ஒருவருக்குப் புதுச் செய்தியாக இருக்க முடியும் என்கிறார். வகுப்பில் எனக்குப் புல்லரித்தது. வீட்டுக்கு வந்து அப்பம்மாவுக்குச் சொன்னேன். வெத்திலையை மென்றபடி, "பேரிலையே வெள்ளி எண்டு கிடக்கே மோனை, உதுக்கு என்னத்துக்குக் கட்டுரை?" என்றார். புகையிலைத் தோட்டத்தில் துலா மிதித்த காலத்தில் விடிவெள்ளி பார்த்து எழும்பிய மனுசி. விடிவெள்ளி என்ற பெயருக்குள்ளேயே விடை ஒளிந்திருக்கிறது. நூறு வருசத்துக்கு மேலாகப் பெரிய தலைகள் உருட்டிய புதிர், எங்கள் திண்ணையில் ஒரு வெத்திலை மெல்லும் நேரம்கூட நிற்கவில்லை.

சொந்தக்காரர் வந்தால் இன்னும் மோசம். "சரி, அப்ப வாறம்" என்று எழும்புவார்கள். வாறம் என்றால் போகிறோம். அதைக் கதிரையில் ஒருமுறை, விறாந்தையில் இருமுறை, படலையில் நாலுமுறை சொல்லி முடிய அரை மணித்தியாலம் போகும். வருதல் என்றால் போதல் என்பதை வசனத்தைப் பிரித்துக் காட்டும் எந்த மர வரைபடத்தில் கீறுவது? அம்மாவின் அகராதியில் "பாப்பம்" என்றால் இல்லை. "பேந்து" என்றால் ஒருநாளும் இல்லை. "உன்ர விருப்பம்" என்றால் செய்து பார், தெரியும்.

கிரைஸ் என்ற ஒருவர் இதற்கெல்லாம் வழி சொல்லியிருக்கிறார். 1975இல் அச்சான கட்டுரை. அளவாகச் சொல், உண்மையைச் சொல், சம்பந்தமாகச் சொல், தெளிவாகச் சொல். இவற்றை ஒருவர் வெளிப்படையாக மீறினால் வேறு ஏதோ சொல்ல வருகிறார் என்று பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மா காலைத் தேத்தண்ணிக்கு முன்னமே நாலையும் மீறிவிடுவார். அப்பாவுக்கு விளங்கும், தங்கச்சிக்கு விளங்கும், நாய்க்குக்கூட விளங்கும். எனக்கு விளங்காததற்குக் காரணம் உண்டு: கிரைஸ் எங்களுக்கு அடுத்த செமஸ்டர். அது பிராக்மாட்டிக்ஸ், சொல்பவர் உண்மையில் என்ன சொல்ல வருகிறார் என்று பார்க்கும் பாடம்; இப்போது வசனத்தின் பொருள் மட்டும் போதும் என்று விரிவுரையாளரே சொன்னார். இதையே நேற்றிரவு அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப வடகமும் அடுத்த செமஸ்டர் காயட்டும்" என்றார். இந்த வசனம் மட்டும் வடிவாக விளங்கியது.

இப்போது குசினிக்குள் இருந்து குரல் கேட்கிறது. "தம்பி, வெயில் எறிக்குது."

கொஞ்சம் இருங்கோ, வாறன்.

வந்துவிட்டேன். மிஞ்சிய வடகத்தை மூன்று சுளகோடும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அம்மா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "உதை ஆர் தூக்கச் சொன்னது? வெயில் ஏறீட்டுது, இன்னும் ஒண்டும் தின்னேல்லை எண்டெல்லே கூப்பிட்டனான்."

மேசையில் புட்டு. பக்கத்தில் பொரித்த வடகம், நனைந்ததில் கொஞ்சம்.