ஆம்ஸ்டல்வேனில் ஒரு வாடகை வீடு

ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனில், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு தெருவில் நாங்கள் பிடித்த வீட்டின் கதவைத் திறந்தபோது, முன்பு குடியிருந்தவர் தரைவிரிப்பைக்கூடப் பெயர்த்துச் சென்றிருந்ததால், பசை காய்ந்த திட்டுகளுடன் வெறும் சிமெண்டுத் தரையே கண்ணில் பட்டது. வாடகை விளம்பரத்தில் ‘கால்’ (kaal) என்ற டச்சுச் சொல் இருந்தால் தரைவிரிப்பும் திரைச்சீலையும் இல்லாத வெற்று வீடு என்று பொருள். ‘ஹெஸ்டோஃபேர்ட்’ என்றால் அவை இருக்கும். 2023 ஜூலை 1 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில் முன்பணம் இரண்டு மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதைவிட முக்கியமாக, குடிபுகுந்த 5 நாட்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டியிருப்பதால், உரிமையாளர் அதற்குச் சம்மதிக்கிறாரா என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள். கால்வாயைப் பார்த்த ஜன்னலுடன் மனத்துக்கு மிகவும் பிடித்திருந்த முதல் வீட்டை நாங்கள் இந்த ஒரே காரணத்துக்காகத்தான் வருத்தத்துடன் விட்டோம்.