மூத்தவனுக்கு ஐந்து ஷில்லிங்

போன குளிர்காலம் முழுக்க, 1768இல் இறந்துபோன ஒரு விவசாயியின் பாகப்பிரிவினையில் மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் எனக்குச் சொந்தமுமில்லை பந்தமுமில்லை. மாசசூசெட்ஸில், மிடில்செக்ஸ் கவுண்டியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் ஒரு காலத்தில் குடியிருந்தவர், அவ்வளவுதான். அந்த வீட்டில் நிலவறைக்கு இறங்க இரண்டு படிக்கட்டுகள் உண்டு, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இவ்வளவு சின்ன வீட்டுக்கு எதற்கு இரண்டு என்று தரகரைக் கேட்டால் தோளைக் குலுக்கினார். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஆரம்பம் எளிது. ஊரில் மூலப்பத்திரம் தேடுவதைப் போலத்தான். எங்கள் கிரயப் பத்திரத்திலேயே, முன்னால் வாங்கியவரின் பத்திரம் எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்னால் போனால், மூன்றே மாலைகளில் 1840கள் வந்துவிட்டன. அதற்கு மேல் சங்கிலி அறுந்துபோனது. விற்றால்தானே பத்திரம்? அப்பா இறந்து மகனுக்கு வந்த நிலத்துக்குப் பதிவகத்தில் ஒன்றும் இருக்காது. அதற்கு உயில் நீதிமன்றத்தின் கோப்புகளைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு வாரம் வீணானது.

கோப்புகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரே உயில் இரண்டு இடத்தில் இருக்கும்: எழுத்தர் பேரேட்டில் எடுத்த நகல் ஒன்று, அசல் காகிதக் கட்டு ஒன்று. நகல் படிக்க அழகாக இருக்கும், ஆனால் கட்டில்தான் ரசீது, கணக்கு, துண்டுச்சீட்டு எல்லாம் கிடக்கும். கட்டைத் தேடுங்கள். எழுத்துதான் முதலில் படுத்தியது. எஸ் எழுத்து எஃப் போல நீண்டு நிற்கும், எழுத்துக்கூட்டலோ அவரவர் இஷ்டம். மாதப் பெயர்களும் எண்களும் எப்படியும் தெரிந்தவைதானே, அவற்றை வைத்து அந்த எழுத்தரின் அகரவரிசையை ஒரு தாளில் வரைந்துகொண்ட பிறகுதான் வேகம் வந்தது.

உயிலில் முதல் பத்தி ஆண்டவனுக்கு. அடுத்தது மனைவிக்கு. அதைப் படித்ததும் எழுந்து நிலவறைக்குப் போய் நின்றேன். வீட்டின் மேற்குப் பாதி, நிலவறையில் பாதி, அதற்கு இறங்க வழி, ரொட்டி அடுப்பைப் பயன்படுத்தும் உரிமை, கிணற்றுக்குப் போய்வரும் பாதை எல்லாம் அவள் விதவையாக இருக்கும்வரை அவளுக்கு. மறுமணம் செய்துகொண்டால் போச்சு. வருஷத்துக்குப் பத்து புஷல் (தானியம் அளக்கும் பழைய அளவு) மக்காச்சோளம், ஐந்து புஷல் கம்புக்கோதுமை, இரண்டு பீப்பாய் ஆப்பிள் சாறு. ஒரு பசுவுக்குக் கோடையிலும் குளிரிலும் தீனி. எட்டு கட்டு விறகு, அதுவும் அடுப்பு அளவுக்கு வெட்டி வாசலில் கொண்டுவந்து போட வேண்டும். தேவாலயத்துக்குப் போக ஒரு குதிரை. இத்தனையும் கொடுக்க வேண்டியவன் கடைசி மகன், ஏனென்றால் வீடும் நிலமும் அவனுக்கு. பெற்ற மகன் அம்மாவுக்கு விறகு வெட்டிப் போடுவான் என்று அந்த மனிதருக்கு நம்பிக்கை இல்லையா என்று முதலில் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. மருமகள் வரப்போகிற வீடு. எழுதி வைத்தது நல்லதுதான்.

மூன்று பெண்களுக்கும் ஆளுக்கு 13 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ், தம்பி தர வேண்டும். கல்யாணமாகாதவளுக்குக் கூடுதலாக ஓர் அறை, கல்யாணம் ஆகும்வரை. நடு மகனுக்குத் தோல் பதனிடும் தொழில் கற்றுக்கொடுத்தாயிற்று, கொஞ்சம் பணம் மட்டும். மூத்தவனுக்கு ஐந்து ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டில் கால்வாசி.

ஐந்து ஷில்லிங்! அப்பனுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை என்று முடிவுகட்டி, சாப்பாட்டு மேசையில் கதையாகவே சொல்லிவிட்டேன். அந்த மாகாணத்தில் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மூத்தவனுக்குத்தான் இரட்டைப் பங்கு. பைபிளின் உபாகமத்தில் உள்ளபடி போட்ட சட்டம் அது, 1789 வரை இருந்தது. ஆறு பிள்ளைகள் என்றால் ஏழு பங்கு போட்டு அவனுக்கு இரண்டு. (வர்ஜீனியாவில் இன்னும் மோசம். உயில் இல்லாவிட்டால் நிலம் முழுக்க மூத்தவனுக்கே, 1785இல் சட்டம் மாற்றும்வரை.) அதையெல்லாம் தாண்டி ஒருவனை ஐந்து ஷில்லிங்கோடு நிறுத்தினால் வேறென்ன அர்த்தம்?

அர்த்தம் அதற்கு முந்தைய வரியில் இருந்தது. மை பரவியிருந்ததால் நான் தாண்டிப் போன வரி: "நான் ஏற்கெனவே கொடுத்ததோடு சேர்த்து." பிள்ளையின் பெயரே உயிலில் இல்லாவிட்டால், மறந்துபோய் விட்டுவிட்டார் என்று சொல்லிப் பங்கு கேட்கலாம். அதற்குத்தான் அந்தச் சில்லறை.

ஏற்கெனவே என்ன கொடுத்தார்? மிடில்செக்ஸ் பதிவகத்தின் அட்டவணையில் தலைகீழாக நின்றும் ஒன்றுமில்லை. கட்டிலேயே விடை இருந்தது. ஐந்து ஷில்லிங்குக்கு மூத்தவன் கொடுத்த ரசீதில் அவன் ஊர்ப்பெயர். வூஸ்டர் கவுண்டி! கவுண்டி மாறினால் பதிவகமும் மாறும். அங்கே தேடியதும் வந்தது: ஐம்பது ஏக்கர், ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கிக் கற்குவியல் வரை என்று செக்குபந்தி, "அன்பின் பேரிலும் 400 பவுண்டு பெற்றுக்கொண்டும்." எழுதியது 1750 பிப்ரவரி, பதிந்தது அப்பா இறந்த பிறகு. அதுவரை பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. தேதியிலும் ஒரு பொறி உண்டு. 1752க்கு முன், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அந்த ஊர்க்காரர்களுக்கு மார்ச் 25இல்தான் வருஷம் பிறக்கும். அதனால் அந்தப் பிப்ரவரியை 1749/50 என்று எழுதுவார்கள். 400 பவுண்டைப் பார்த்து மிரளவும் வேண்டாம், அது பழைய காகிதப் பணம். அந்த வருஷமே மாகாணம் அதை ஏழரைக்கு ஒன்று என்று ஒழித்துக்கட்டியது. புதுப் பணத்தில் 53 பவுண்டு சொச்சம்.

ஆக, உயில் வெறும் மிச்சக் கணக்கு. பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது இருபது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. உயிலை மட்டும் படித்தால் என்னைப் போலக் கதை கட்ட வேண்டியதுதான்.

சொத்துப் பட்டியலையும் விடாதீர்கள். ஊர்க்காரர் மூன்று பேர் அறை அறையாக நடந்து விலை போட்டது. நல்ல இறகு மெத்தை ஒன்று பசுவை விட விலை அதிகம். தேவாலய இருக்கையில் பாதி என்றுகூட ஒரு வரி. அதே படச்சுருளில் வேறொருவரின் பட்டியலில், எருதுகளுக்கு அடுத்த வரியில் ஒரு மனிதனுக்கு விலை போட்டிருந்தது. மாசசூசெட்ஸில் அடிமைமுறை 1780களின் தீர்ப்புகளோடுதான் செத்தது. அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை, மூடிவிட்டேன்.

கடைசியாக ரசீதுகள். பெண்களின் பெயரைத் தேடினால் கிடைக்காது. கல்யாணமானவளுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கணவன் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பான். மூத்த இருவருக்கும் அப்படித்தான். மூன்றாமவளின் ரசீது மட்டும் தனிச் சீட்டு, நான்கு வருஷம் தாமதமாக. பெயரை எழுத்தர் எழுதியிருக்கிறார். நடுவில் அவள் போட்ட பெருக்கல் குறி, ஒரு கால் நீளமாக இழுத்து, தாளில் பேனா கிழித்த தடத்தோடு.