புதுச்சேரி – போர்ட் பிளேர்: வானத்தில் 1,406 கி.மீ., ஆனால் நேர் விமானம் ஏன் இல்லை?

புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையம் 11.97 பாகை வடக்கில் இருக்கிறது. ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்ட போர்ட் பிளேர் 11.64 பாகையில். வரைபடத்தில் ஸ்கேலை வைத்து நேர் கிழக்கே கோடு இழுத்தால் அநேகமாக அங்கேதான் போய் முட்டும்.

தூரத்தை நாமே கணக்குப் போடலாம். இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 12.92 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்றால், நம் பக்கத்தில் 109 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பெருக்கினால் சுமார் 1,406 கி.மீ., அதாவது 759 கடல் மைல். மணிக்கு 830 கி.மீ. போகும் ஏர்பஸ் போன்ற ஜெட், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டே கால் மணி நேரத்துக்குள் போய்விடும். 500 கி.மீ. வேகமுள்ள ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சிக்கல் ஓடுபாதையில் இருக்கிறது. லாஸ்பேட்டை ஓடுபாதையின் நீளம் ஏறக்குறைய 1,500 மீட்டர். ஏடிஆருக்கு அது போதும். ஆட்களும் எரிபொருளும் நிறைந்த ஏர்பஸ் 320-க்கு 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். சரி, ஏடிஆரையே அனுப்பலாமே என்றால், முழுப் பயணிகளோடு அது பறக்கக்கூடியதே 1,400, 1,500 கி.மீ.தான். போர்ட் பிளேரில் இறங்க முடியாவிட்டால் ஒதுங்குவதற்குப் பக்கத்தில் பெரிய விமான நிலையம் கிடையாது. சென்னைக்கே திரும்பும் அளவுக்கு எரிபொருள் வேண்டும். ஆக, இங்கிருந்து கிளம்பக்கூடிய விமானத்தால் அங்கே போக முடியாது. அங்கே போகக்கூடிய விமானத்தால் இங்கிருந்து கிளம்ப முடியாது. ஓடுபாதையை நீட்டினால் ஒழிய இதற்கு வழியில்லை.

எரிபொருள் கவலை வெறும் ஏட்டுக் கணக்கல்ல. போர்ட் பிளேர் ஓடுபாதையின் வடகிழக்குப் பக்கம் மேடு. அதனால் விமானங்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வந்துதான் இறங்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்றும் அதே திசையிலிருந்து முதுகில் தள்ளும். அளவு மீறினால் இறங்காமல் திரும்ப வேண்டியதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாளே ஆபீஸ், கல்யாணம் என்று திட்டமிடாதீர்கள்.

2024 டிசம்பரில் லாஸ்பேட்டையில் மறுபடி தொடங்கிய சேவை பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும்தான். பெங்களூர் வழியாகப் போனால் 267 கி.மீ. மேற்கே போய், அங்கிருந்து 1,640 கி.மீ. கிழக்கே வர வேண்டும், 500 கி.மீ. சுற்று. இரண்டு விமானங்களையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், எடுங்கள். தனித்தனி டிக்கெட்டாக இருந்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது டிக்கெட் பணம் போனதுதான்.

எங்கள் பரிந்துரை சென்னைதான். திண்டிவனம் வழியாக மீனம்பாக்கம் சுமார் 145 கி.மீ.; காரில் மூன்று மணி நேரம். ஞாயிறு மாலை என்றால் தாம்பரத்தை நெருங்கும்போது நெரிசலுக்கென்று இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பறக்கும் நேரம் இரண்டேகால் மணிதான் என்றாலும், வீட்டுவாசலிலிருந்து எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே சரி.

கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சூரியன் மட்டும் அங்கே ஏறக்குறைய 52 நிமிடம் முந்திக்கொள்ளும். டிசம்பரில் ஐந்து மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடும். மதியத்துக்கு மேல் போய் இறங்கினால் செல்லுலார் ஜெயிலை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.