கோவிட் வார்டில் கைகழுவ வைத்த கதை

2020 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக, அதாவது கொரோனா தொற்று இல்லாத பகுதியாக, இருந்த ஒரே மாவட்டம் எங்கள் கிருஷ்ணகிரிதான். ஒரு பக்கம் பெங்களூரு, இன்னொரு பக்கம் சென்னை, நடுவில் நெடுஞ்சாலை. அந்தப் பச்சை எத்தனை நாளைக்குத் தாங்கும்? கொஞ்ச நாளில் மாவட்டத்தின் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த எனக்கு, தொற்றுக் கட்டுப்பாட்டைக் கவனிக்கிற வேலையும் சேர்ந்து வந்தது.

பயிற்சியெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஹேண்ட்ரப் (கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் கரைசல்) என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையைச் சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள். யாரைக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். வார்டில் ஓரமாக நின்று பார்த்தால்தான் நிலவரம் புரியும். நோயாளியைத் தொட்ட பிறகு எல்லோரும் கை கழுவினார்கள். தொடுவதற்கு முன்னால் கழுவியவர்கள் கொஞ்சம் பேர். கட்டில் கம்பி, டிரிப் ஸ்டாண்ட், ஆக்சிஜன் குமிழ் இவற்றைத் தொட்டதை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. தன் உயிருக்குப் பயந்து கழுவினார்கள், அடுத்த கட்டிலுக்காகக் கழுவவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த நாளில் பயம் அப்படி இருந்தது.

கிளவுஸ் இதைவிடப் பெரிய சிக்கல். "கிளவுஸ்தான் போட்டிருக்கோமே சிஸ்டர்" என்று ஒரே ஜோடியோடு கட்டில் கட்டிலாகப் போவார்கள். போட்டிருப்பவருக்கு அது பாதுகாப்புதான். அடுத்த கட்டில்காரருக்கு முந்தைய கட்டிலின் கிருமி இலவசமாகப் போய்ச் சேரும்.

போஸ்டர் ஒட்டினோம், கூட்டம் போட்டுச் சொன்னோம், பெரிதாக மாற்றம் இல்லை. வார்டில் வாஷ்பேசின் கடைக்கோடியில் ஒன்றுதான், அதுவும் திருகுகிற குழாய். கழுவின கையாலேயே அதை மூட வேண்டும். முழங்கையால் தள்ளித் திறக்கிற குழாயாக மாற்றச் சொல்லி நச்சரித்து வாங்கினேன். ஒவ்வொரு கட்டில் காலடியிலும் ஹேண்ட்ரப் பாட்டில் வைத்தோம். முதலில் வைத்தவை காணாமல் போயின. ரோலர் பேண்டேஜால் கம்பியோடு சேர்த்துக் கட்டிய பிறகு தங்கின. கைக்கு எட்டுகிற தூரத்தில் பாட்டில் இருந்ததும், யாரும் சொல்லாமலே கை அதை நோக்கிப் போக ஆரம்பித்தது.

கவச உடையைப் போடுவது சுலபம். கழற்றுவதில்தான் ஆபத்து. வெயில் காலத்தில் அதற்குள் சில மணி நேரம் இருந்து பாருங்கள்: கிளவுஸுக்குள் வியர்வை தேங்கி விரல் ஊறிப்போகும், கண்ணாடி பனிமூட்டம் பிடிக்கும், தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. பெண்கள் பாடு சொல்லவே வேண்டாம். டியூட்டி முடிந்ததும் பிய்த்து எறியத்தான் தோன்றும். அந்த அவசரத்தில் வெளிப்பக்கத்தைத் தொட்ட கை முகத்துக்குப் போய்விடும்.

அதனால் யாரும் தனியாகக் கழற்றக் கூடாது என்று வைத்தோம். ஒருவர் தள்ளி நின்று வரிசையைப் படிப்பார். வெளிக் கிளவுஸ், கையில் ஹேண்ட்ரப், பின்பக்கமாகப் பிடித்து ஃபேஸ் ஷீல்டு, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி கவச உடை, உள் கிளவுஸ், மறுபடி ஹேண்ட்ரப். அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் என்95 மாஸ்க்: கீழ் நாடா முதலில், மேல் நாடா அடுத்து, முன்பக்கத்தைத் தொடக் கூடாது. மாஸ்க் மஞ்சள் பையில், கிளவுஸ் சிவப்புப் பையில். கடைசியில் சோப்புப் போட்டுக் கழுவல்.

படிக்கிற வேலையை ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவரிடம் கொடுத்தேன். தரையும் பொருள்களும் துடைக்கிற ஒரு சதவீத ஹைப்போ என்ற கிருமிநாசினிக் கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "அவங்க டாக்டருக்குச் சொல்றதா?" என்று முணுமுணுப்பு எழுந்தது. சீனியர் டாக்டர் ஒருவர் கவச உடையின் ஜிப்பில் நேராகக் கையை வைத்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "சார், கை. முதல்ல கை." அவர் நின்றார், ஹேண்ட்ரப் எடுத்தார், பிறகு தொடர்ந்தார். அதோடு முணுமுணுப்பு அடங்கியது. இதே வார்த்தையை நான் சொல்லியிருந்தால் 'நர்ஸ் டாக்டரைத் திருத்துவதா' என்று ஆகியிருக்கும். பட்டியலைப் படிப்பது அக்காவின் டியூட்டி என்று ஆனதால் யாருக்கும் மானப் பிரச்சினை வரவில்லை.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்களில் பலர் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். மாஸ்க்கோடு நாங்கள் பேசும் தமிழ் அவர்களுக்குப் பிடிபடாது. "இன்னா சொல்ற?" என்று அவர்கள் காதை நீட்டினால், எங்கள் ஊழியர்கள் மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கத்துவார்கள். மொழி தெரிந்த சிஸ்டர் வெளியே இருந்து போனில் பேசுவது, பையில் போட்ட போனை ஸ்பீக்கரில் வைத்துக் காட்டுவது என்று ஓரளவு சமாளித்தோம்.

நான் தோற்ற இடம் டீ அறை. வார்டில் அத்தனை கட்டுப்பாட்டோடு இருந்தவர்கள் அந்தச் சின்ன அறைக்குள் வந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். ஒருவர் களி, இன்னொருவர் குழம்பு, எல்லோரும் ஒரே மேசை, ஜன்னல் சாத்தியபடி. "இங்க நாமதானே இருக்கோம்" என்பார்கள். ஊழியர்களுக்கு வந்த தொற்றில் பாதிக்காவது அந்த மேசைதான் காரணம் என்பது என் சந்தேகம். வராண்டாவில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு, முறை வைத்துச் சாப்பிட வைத்தேன். ரொம்பப் பேருக்கு என்மேல் கோபம் வந்தது இதற்குத்தான்.

2021 ஜனவரி 16 முதல் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. ஊசி போட்ட கையோடு மாஸ்க் தாடைக்கு இறங்கியது. ஏப்ரலில் இரண்டாம் அலை வந்து ஆக்சிஜன் கட்டில்கள் நிரம்பியபோது, நின்று பார்க்க எனக்கும் நேரமில்லை. ஆனாலும் பாட்டில் கட்டின இடத்தில் கை போனது, கழற்றும் அறையில் அக்காவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வராண்டா நாற்காலிகள் மட்டும் முதல் வாரத்திலேயே உள்ளே போய்விட்டன.

இன்றைக்கும் டீ அறை அப்படியேதான். ஜன்னலையாவது திறங்கள் என்றால் கொசு வருகிறது என்கிறார்கள். கொசுவலை அடித்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.