தடைக்காலத்துத் தூக்கம்

மே 9

இரவு மணி 2.10. படுத்தது 9.30க்கு. நடுவில் கொஞ்சம் கண் அசந்தது, அவ்வளவுதான். எப்போது படுத்தேன், எப்போது விழித்தேன், பகலில் எவ்வளவு தூங்கினேன் என்று இரண்டு வாரத்துக்குக் குறித்துவரச் சொல்லி கவுன்சலர் ஒரு கட்டம் போட்ட தாள் கொடுத்திருக்கிறார். கட்டத்துக்குள் கொள்ளாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்போமா, நிணநீர் முடிச்சுகளில் வரும் ஒரு புற்றுநோய். பதினைந்து நாளைக்கு ஒன்றாக 12 முறை கீமோ, டிசம்பரில் முடிந்தது. கழுத்துக் கட்டி கரைந்தது. முடி வந்தது, மீன் குழம்பின் ருசி திரும்பி வந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. கீமோ நாட்களிலாவது காரணம் தெரியும்: வாந்தி வராமல் இருக்கப் போடும் ஸ்டீராய்டு அன்றிரவு ஆந்தை மாதிரி உட்கார வைத்துவிடும். இப்போது அதுவும் இல்லையே.

செக்கப்பில் காய்ச்சல் உண்டா, எடை குறைகிறதா என்று கேட்பார்கள். தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 22 வயசுப் பையன், செல்போன் நோண்டிக் கெடுகிறான் என்று சொல்லிவிடுவார்களோ என்று நானும் வாய் திறக்கவில்லை. போன வாரம்தான் சொன்னேன்.

மே 13

நைனாவும் முழித்திருக்கிறார். தடைக்காலம் இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஆனாலும் பழகிய உடம்பு இரண்டு மணிக்கு எழுந்துகொள்கிறது. வாசல்படியில் பீடியோடு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் அணைத்தார்.

"இன்னாடா, தூங்கல?"

"நீ?"

"எனக்கு போட்டு இல்ல. உனக்கு இன்னா?"

மே 18

பயந்துபோனேன். ஒரு மணிக்குக் கரண்ட் போனது. விழித்தபோது பனியனைப் பிழியலாம் போல ஈரம். எனக்கு இந்த நோய் முதலில் காட்டிய அடையாளமே ராத்திரி வேர்வைதான். கத்திரி வெயிலில் காசிமேடே வேர்த்துக் கிடக்கிறது என்று புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்குக் கழுத்துக்குப் போகிறது. இடது, வலது, காறை எலும்புக்கு மேலே. அழுத்தி அழுத்திப் பார்த்ததில் விடிந்ததும் அங்கே வலி. அப்புறம் அந்த வலிக்கு ஒரு பயம்.

மே 23

தாளைக் கொடுத்தேன். படுக்கையில் கிடப்பது பத்து மணி நேரத்துக்கு மேல், தூங்குவது ஐந்து. வாரத்தில் மூன்று இரவாவது இப்படி, மூன்று மாதமாக என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை, அதற்குத் தனி வைத்தியம் உண்டு, எடுத்தவுடன் மாத்திரை கிடையாது என்றார். 12 மணிக்கு முன்னால் படுக்கக்கூடாது. தூங்கினாலும் தூங்காவிட்டாலும் 5.30க்கு எழுந்துவிட வேண்டும். பகல் தூக்கம் கூடாது. தூக்கம் வராமல் இருபது நிமிஷம் போல ஆனால் எழுந்துவிட வேண்டும், கடிகாரம் பார்க்காமல். (என் கணக்குக்குப் போட்ட நேரம் இது. வலிப்பு உள்ளவர்களுக்கெல்லாம் ஆகாதாம், கேட்காமல் செய்யாதீர்கள்.) ராத்திரி ஏழு மணி டீயும் போச்சு. அதிலுள்ள கஃபீனில் பாதி நடுராத்திரியிலும் ரத்தத்தில் இருக்குமாம்.

வேர்வையைப் பற்றியும் கேட்டேன். நோயின் வேர்வை என்றால் ஃபேன் ஓடும்போதே துணியும் போர்வையும் மாற்றும் அளவுக்கு நனையும், கரண்ட் போன ராத்திரி கணக்கில் வராது என்று டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தூக்கம் வரலைன்னா பெட்ரூமை விட்டு வெளியே வந்துடுங்க" என்று கவுன்சலர் சொன்னபோது சிரித்துவிட்டேன். எங்களுடையது ஹவுசிங் போர்டு வீடு. ஒரு ஹால், ஒரு கிச்சன், ஐந்து பேர். நோய்க்கு முன்னால் எங்கே படுத்தீர்கள் என்று கேட்டார். தரையில்தான். எனக்கு உடம்பு முடியாமல் போனதும் தவணையில் ஒரு கட்டில் வாங்கினார்கள். வாந்தி எடுத்தது, கஞ்சி குடித்தது, ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்துக் கிடந்தது எல்லாம் அதன் மேல்தான்.

"அப்போ அந்தக் கட்டில்தான் உங்க பெட்ரூம்."

மே 27

தூங்காமல் கிடந்தவனுக்கு இப்போது 10 மணிக்கே கண் சொக்குகிறது, படுக்க விடமாட்டேன் என்கிறார்கள். "புள்ளய தூங்கவுடாம பண்றதுக்கு ஒரு வைத்தியமா?" என்று அம்மா சண்டை. கீமோ காலத்தில் படு, ரெஸ்ட் எடு என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள், அவளைக் குறை சொல்ல முடியாது. நைனா மட்டும் காவல். மொட்டை மாடியில் பல்பு போட்டு, கிழிந்த வலையை என் மடியில் தள்ளுகிறார். கீமோவில் மரத்துப்போன விரல் நுனி இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, முடிச்சு நழுவுகிறது. ஒன்றும் சொல்லாமல் பிரித்துப் போடுகிறார்.

ஜூன் 4

12.20 முதல் 4.40 வரை ஒரே தூக்கம். கட்டில் இப்போது ஆயாவுக்கு. உயரமாக இருக்கிறது, விழுந்துவிடுவேன் என்று தினமும் புலம்பல். நான் பாயில்.

ஜூன் 15

நள்ளிரவோடு தடை முடிந்தது. ஐஸ், டீசல் எல்லாம் நேற்றே ஏற்றியாகிவிட்டது. கிளம்பும்போது எழுப்புகிறேன் என்று சொன்ன நைனா எழுப்பவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"வாயப் பொளந்துகினு தூங்கினு கீறான், வோணாம்னு பூட்டாரு."

இந்த வாரம் இரண்டு ராத்திரி பழையபடிதான். கட்டத்தில் குறித்திருக்கிறேன். வியாழக்கிழமை செக்கப்.