விரல் நகம் அளவு வால்

நேற்று இரவுதான் திரும்பி வந்தோம். தோள்பட்டை வலி குறையவில்லை, நகக்கண்ணில் சாம்பல் நிற மண் இன்னும் போகவில்லை. ஆனாலும் இப்போதே எழுதாவிட்டால் இந்தச் சூடு ஆறிவிடும்.

டிரைலோபைட் தேடிப் போனோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன, ஓடு மூடிய கடல் பிராணி அது. போன இடம் பென் டிக்ஸி. நியூயார்க் மாநிலத்தில் பஃபலோவுக்குத் தெற்கே, ஹாம்பர்க் ஊரில் இருக்கிற பழைய குவாரி. ஒரு காலத்தில் சிமென்ட்டுக்காக ஷேல் என்ற களிமண் படிவுப் பாறையை வெட்டி எடுத்த இடம். இப்போது டிக்கெட் வாங்கினால் நாமே தோண்டலாம், கிடைக்கிற புதைபடிவத்தை வீட்டுக்கும் எடுத்துப்போகலாம். சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலக் கடல்தரை அது.

வழி, செலவு எல்லாம் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் டாக்ஸிக்காரரை முதலில் சொல்லாமல் என்னால் நகர முடியாது. போகும்போது 24 டாலர். திரும்பும்போது அதே தூரத்துக்கு 41 டாலர், "உங்கள் பூட்ஸில் சேறு" என்று அதற்கு மேல் 10 டாலர். குவாரிக்குப் போனவன் காலில் சந்தனமா இருக்கும்? தோண்டப் போகிறவர்கள் திரும்பும் வண்டிக்கும் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி வண்டியில் ஏறியதும் சொன்னாள்: "ஏங்க, இந்தக் காசுக்கு மியூசியத்துலயே முழுசா ஒண்ணைப் பாத்திருக்கலாமே." பதில் சொல்லவில்லை. என் சட்டைப் பையில் அது இருந்தது.

முதல் இரண்டு மணி நேரம் கொம்புப் பவளமும், பொத்தான் மாதிரி உதிர்ந்து கிடந்த கிரினாய்டு என்ற கடல் பிராணியின் தண்டுத் துண்டுகளும்தான். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் மரவட்டைபோலச் சுருண்ட முழு டிரைலோபைட் ஒன்றை எடுத்துக் கூவினான். அந்த வகைக்குப் பெயர் எல்ட்ரெட்ஜியாப்ஸ் ரானா. லத்தீனில் ரானா என்றால் தவளை. அந்தப் புடைத்த கண்ணையும் பருப்பருவான தலையையும் பார்த்தால் பெயர் சரி என்று தோன்றும். எனக்கு எரிச்சல்தான் வந்தது, மறைப்பானேன்.

அப்புறம் ஒரு பலகைக் கல்லை உளியால் பிளந்தபோது, விரல் நகம் அளவில் வரிவரியாக ஒரு துண்டு. முதலில் பிராக்கியோபாட் சிப்பி என்று நினைத்துத் தூக்கிப்போடப் பார்த்தேன். அங்கே வரிச் சிப்பிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் சிப்பியின் வரிகள் ஒரு முனையிலிருந்து விசிறியாக விரியும். இதில் நடுவில் ஒரு மேடு, அதன் குறுக்கே வளையங்கள், இரண்டு பக்கமும் விலா எலும்புபோல வரிகள். நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று மடல்! டிரைலோபைட் என்ற பெயரே அதனால்தான். என் கையில் இருந்தது வால் கவசம்.

துண்டு துண்டாகக் கிடைப்பதில் அதிசயம் இல்லை. நண்டு மாதிரி அதுவும் ஓட்டைக் கழற்றிக் கழற்றி வளர்ந்த பிராணி. ஒரே உயிர் தன் ஆயுளில் பல தலைகளையும் வால்களையும் விட்டுப்போகும்.

சரி, யாருடைய வால்? அறைக்கு வந்து பழைய பல் துலக்கியால் உலர்வாகவே தேய்த்தேன். தண்ணீர் பட்டால் இந்த ஷேல் உதிர்ந்துவிடுமோ என்று பயம். விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து வந்தது. எல்ட்ரெட்ஜியாப்ஸ் வாலின் ஓரம் வழவழவென்று வளைந்திருக்கும். என்னுடையதில் இடது பக்கம் பாதி உடைந்துபோயிருந்தது, மிச்சம் இருந்த வலது ஓரத்தில் குட்டையாக, அகலமாக இரண்டு முட்கள்.

க்ரீனாப்ஸ்! வால் ஓரத்தில் இப்படிக் குட்டை முட்கள் உள்ள இன்னொரு டிரைலோபைட் வகை. அதே குடும்பத்தில் பெல்லாகார்ட்ரைட்டியா என்று அரிதான ஒன்று உண்டு, அதன் முட்கள் ஒல்லியாக நீளும். அதுவாக இருக்காதா என்று பூதக்கண்ணாடியோடு நள்ளிரவு வரை நப்பாசையில் பார்த்தேன். இல்லை, முள் குட்டைதான்.

மனைவியை எழுப்பிக் காட்டினேன். "மீதி எங்கே?" என்றாள்.